இருபத்துமூன்றாம் நாள்

இருபத்தொன்று கழிந்து
இருபத்திரண்டும் கழிந்து
இருபத்துமூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு
பெட்டியின் மூடியில் காதை வைத்தேன்.
விசிறியின் சத்தம் மட்டும்.

கல்முனை மீன்வாடியில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய
ரெஜிபோம் பெட்டி,
எத்தனை தரம் கழுவியும் சூரை வாசம் போகாதது.
உள்ளே ஒரு பல்ப், நாற்பத்திரண்டு முட்டை.
ஒன்றிலும் கொத்தும் ஓசை இல்லை.

"குழி தோண்டிப் புதை, நாறப்போகுது" என்றார் புஹாரி.
வெட்டு மெஷின் ஓட்டுகிறவர்,
விளையாத வயலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
வேலிக்கு மேலால் றகுமத்தும்மா,
"கோழி செய்யிற வேலைய பல்ப் செய்யுமாகா?"
மாதர் சங்கக் கடனில்
இன்னும் பதினொரு தவணை.

நான் புதைக்கவில்லை.
கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தி
சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய் உடைத்தேன்.
பக்கத்தில் மகளின் கணக்குக் கொப்பி,
கடைசிப் பக்கத்திலிருந்து.

முதலாவது, வெறும் தெளிவு. எதுவுமே தொடங்கவில்லை.
சேவலின் பிழை என்று எழுதினேன்.
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.
அப்படி ஏழு.

எட்டாவதில் ஓர் இரத்த வளையம்,
சின்னப் பிள்ளை கீறிய சூரியன்.
மூன்றாம் நாள், மிஞ்சினால் நாலாம் நாள்.
அன்றிரவுதான் கரண்ட் போனது.
எழுதினேன்: தூங்கிவிட்டேன்.
ஒன்பதாவதும் அதே. பத்தாவதும்.
பதினாறு முட்டைக்கும் பதினாறு தடவை
தூங்கிவிட்டேன் என்றே எழுதினேன்.
'மேற்படி' போட மனம் வரவில்லை.

மறுகா வந்தவைதான் கையை நடுங்கவைத்தன.
முழுக் குஞ்சுகள்.
நகம் இருந்தது, இறகு இருந்தது,
ஓட்டை உடைக்கவென்று அலகு நுனியில் முளைக்கும்
அந்த வெள்ளைப் புள்ளியும் இருந்தது.
சவ்வு காய்ந்து, பசை தடவிய காகிதமாய் உடம்பில் ஒட்டி
திரும்ப இடமில்லாமல்
வாசலிலேயே செத்திருந்தன.
பத்தொன்பது.

கேள்விக்குறி போட்டுவிட்டு நிமிர்கையில்
கொப்பியின் தாள் படபடத்தது.
கச்சான்!
இறக்காமக் குளத்தையே வழியில் நக்கிவிட்டு வருவது,
உதட்டை வெடிக்கவைப்பது,
கொடியில் போட்ட துணியை அரைமணியில் மொறுமொறுக்கவைப்பது.
என் பெட்டிக்குள்ளும் அதுதான் தண்ணீர் குடித்திருக்கிறது.
நான் வைத்திருந்ததோ ஒரு சிரட்டை.

சிரித்துவிட்டேன்.
றகுமத்தும்மா பயந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்த முறை இரண்டு கிண்ணம், நனைந்த சாக்கு,
கரண்ட் போனால் கத்துகிற ஒரு மணி.
பன்னிரண்டு பொரித்தன.
அதற்கடுத்த முறை ஒன்பது.
ஆம், குறைந்தது.
பொரிக்கும் நாளில் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருந்தேன்.
காரணம்: ஆசை. அதையும் எழுதினேன்.
பின்னாலிருந்து வந்த என் எழுத்து
மகளின் பின்னக் கணக்கில் போய் முட்டியது.

நேற்று வங்கியில் கேட்டார்கள்.
"எத்தனை முட்டை மெஷின்?"
"ஆயிரம்."
"இதுவரைக்கும் கூடினது?"
"நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று."
அதிகாரி பேனையை மூடினார்.
நான் கொப்பியைத் திறந்து வைத்தேன்,
முப்பத்தொன்றின் பக்கத்தை அல்ல,
செத்தவற்றின் பக்கத்தை.
தாளில் இன்னும் வாசம் இருந்திருக்கவேண்டும்,
மூக்கைச் சுருக்கினார்.
ஆனாலும் அடுத்த பக்கம் திருப்பினார்.

கடன் வருமா, தெரியாது.
மெஷினின் அகலம் நாலரை அடி,
எங்கள் வாசல் மூன்று.
இரவு கரித்துண்டெடுத்து
கிழக்குச் சுவரில்
உடைக்கவேண்டிய இடத்தைக் கீறினேன்.

பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர்
கனநேரத்துக்குப் பிறகு சொன்னார்:
"இன்னும் ரெண்டடி தள்ளிக் கீறு.
உள்ளுக்க வந்தா
திரும்ப இடம் வேணும்."